மலையகத்து ஈரத்தில் காசு சேர்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காசு சேர்க்கத் தொடங்குபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வெயில் அடிக்கும் ஊரையோ குளிரூட்டிய அறையையோ மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. இலங்கை மலையகத்தின் தலவாக்கலையில் ஜூன் மாதத்தில் துவைத்த சட்டை காய நாள் கணக்காகிறது. அதே வீட்டில் இருக்கும் செப்புக் காசு மட்டும் எப்படித் தப்பும்? பெட்டி, பை, ஆல்பம் பற்றி இங்குள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இப்போதுதான் தொடங்குகிறேன். முதலில் எதை வாங்குவது?

மிகக் குறைவாக வாங்குங்கள். வாய் அழுத்தி மூடும் சிறிய பொலித்தீன் பைகள் ஒரு கட்டு, மூடி இறுகப் பூட்டும் உணவுப் பெட்டி ஒன்று, ஈரத்தைக் குடிக்கும் சிலிக்கா ஜெல் சில பொட்டலங்கள், முடிந்தால் ஈரப்பதன் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்று. இவ்வளவே போதும்.

காசைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் பெட்டி இரண்டாவது. பெட்டி இருக்கும் இடம் மூன்றாவது. ஆனால் நம்மவர்கள் பளபளக்கும் ஆல்பத்தை முதலில் வாங்கி, அதை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் பத்திரப்படுத்துவார்கள். திருடனுக்குப் பயந்து செய்யும் ஏற்பாடு அது. இந்தக் குளிரில் திருடனைவிட ஈரம்தான் அதிகம் எடுத்துக்கொண்டு போகிறது.

எல்லாக் காசுக்கும் ஒரே மாதிரிப் பாதுகாப்பு போதுமா?

போதாது. ஆகவே உங்களிடம் இருப்பவற்றை நாட்டுவாரியாகப் பிரிக்கும் முன் உலோகவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

இலங்கையின் 1 சதக் காசுகளில் 1870 என்ற ஆண்டு பொறித்த விக்டோரியா காலத்துக் காசு முதல் இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை வந்தவை செம்பும் வெண்கலமும். ஈரமும் விரல் வியர்வையும் இவற்றை முதலில் பிடிக்கும். பளபளப்பான செம்பில் பதிந்த கைரேகை நாளடைவில் கறுத்து நிரந்தரமாக நின்றுவிடும்.

வெள்ளிக்கு ஈரத்தைவிடக் கந்தகம் பெரிய பகை. நம் பக்கத்து ட்ரங்குப் பெட்டிகளில் மகாராணி தலை போட்ட இந்திய வெள்ளி ரூபாய் அடிக்கடி கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபாய் அடிக்கப்படவில்லை. இந்திய ரூபாயே இங்கும் ரூபாயாகப் புழங்கியது. அதில் 100க்கு 91.7 பங்கு வெள்ளி. இலங்கையின் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகளில் முதலில் 80 பங்கும் 1919 முதல் 55 பங்கும் வெள்ளி. எஞ்சியதில் பெரும்பகுதி செம்பு என்பதால், பிற்காலக் காசுகள் வெள்ளியைப் போலக் கறுக்கவும் செய்யும், செம்பைப் போலப் பச்சை பிடிக்கவும் செய்யும்.

1963 முதல் வந்த 1 சதமும் 2 சதமும் அலுமினியம். இது மழைக்கு அவ்வளவு அஞ்சாது. சுண்ணாம்புக்கும் சாம்பலுக்கும் அஞ்சும். வெள்ளையடித்த சுவர் மாடத்தில் வைத்த அலுமினியக் காசு புள்ளி புள்ளியாக அரித்துப்போகும்.

2005 வாக்கில் இருந்து வந்த 1, 2, 5 ரூபாய்களில் பல, உள்ளே உருக்கும் மேலே மெல்லிய பூச்சும் கொண்டவை. காந்தத்தை வைத்தால் ஒட்டும். பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்திலிருந்து துரு கிளம்பும். புதிய காசுதானே என்று டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; பல விக்டோரியாச் சதங்களைவிட இவை சீக்கிரம் கெடும். 5 ரூபாய்க் காசைக் காலம் காலமாக வைத்திருக்கப் போகிறேன் என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் பிரதி எதுவானாலும் ஒரு நாள் அரிதாகத்தான் போகும்.

செம்பும் நிக்கலும் கலந்த பழைய 25 சதம், 50 சதம், 1 ரூபாய் ஆகியவை பொறுமைசாலிகள். பயிற்சிக்கு இவற்றோடு தொடங்குங்கள்.

புத்தகக் கடையில் வாங்கிய காசு ஆல்பம் நல்லதா?

அதன் ஒளிபுகும் பக்கங்கள் எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. மென்மையாக, வழவழவென்று, புதிய மழைக்கோட்டுப் போல மணம் வீசினால் அது பெரும்பாலும் பி.வி.சி. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் பிறக்கும். இரண்டும் சேர்ந்து காசின்மேல் பச்சை நிறப் பிசுபிசுப்பாகப் படியும். வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்துகின்றன. செம்பு கலந்த காசுகள்தான் முதலில் பலியாகும், வெள்ளியும் தப்பாது.

பாதுகாப்பானவை: பொலித்தீன், பொலிப்ரொப்பிலீன், பொலியெஸ்டர் தாள், கெட்டியான அக்ரிலிக் கூடு. உணவுப் பெட்டிகளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் இங்கே உதவும். 2, 4, 5 என்றால் நம்பலாம். 1 என்பதும் பொலியெஸ்டர் வகைதான். 3 என்றால் பி.வி.சி.; காசுக்கு ஆகாது.

எண் இல்லாத பக்கத்தைச் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. செப்புக் கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் ஓரத் துண்டைத் தொட்டு, மீண்டும் சுவாலையில் காட்டுங்கள். சுவாலை பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. புகை கெட்டது என்பதால் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். சிறுவர்கள் பெரியவர் ஒருவர் இல்லாமல் செய்ய வேண்டாம்.

நடுவில் வட்டத் துளையும் அதில் மெல்லிய ஒளிபுகும் தாளும் கொண்ட சதுர அட்டைகள் பற்றியும் கேட்கிறார்கள். நல்லவைதான், மலிவானவையும்கூட. ஆனால் நாற்புறமும் அடிக்கும் ஸ்டேப்ளர் ஊசி நம் ஈரத்தில் துருப்பிடிக்கும். ஊசி முனை அடுத்த அட்டையில் இருக்கும் காசைக் கீறும். ஊசியைக் குறடால் தட்டையாக அழுத்திவிடுங்கள். காசை வெளியே எடுக்கும்போது ஊசிகளை முதலில் கழற்றிவிட்டு எடுங்கள். அட்டையைக் கிழித்து எடுக்கும் அவசரத்தில் ஊசி முகத்தின் குறுக்கே ஓடிப் பாழான காசுகள் ஏராளம்.

பச்சைப் பிசுபிசுப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. இனி என்ன செய்வது?

உடனே அந்தப் பையிலிருந்து வெளியே எடுங்கள். தூய அசிட்டோனைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காசை அதில் சற்று நேரம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒரு முறை அலசி, துடைக்காமல் உலர விடுங்கள். அசிட்டோன் பிசுபிசுப்பைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. ஆனால் அமிலம் ஏற்கெனவே அரித்த தடம் போகாது.

நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் மணமும் எண்ணெயும் நிறமும் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றும். எனவே விறகடுப்பு எரியும் வீட்டுக்குள் போத்தலைத் திறக்கவே கூடாது.

எங்கள் வீட்டில் ஈரப்பதன் எப்போதும் 80 வீதத்துக்கு மேல். எவ்வளவு வரை குறைக்க வேண்டும்?

பெட்டிக்குள் 50க்குக் கீழே வைத்தால் சாதாரணக் காசுகளுக்குப் போதும். மண்ணிலிருந்து கிடைத்த பழைய செப்புக் காசுகளுக்கு 40க்கும் கீழே இருப்பது நல்லது. அறை முழுவதையும் உலர்த்த நினைக்காதீர்கள். தகரக் கூரையும் பலகை இடுக்குகளும் உள்ள வீட்டில் அது நடக்காத காரியம். ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் உள்வெளியை உலர்த்துவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

மூடி இறுகும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அதோடு சிறிய மானியையும் வைத்து மூடுங்கள். எத்தனை பொட்டலம் என்பதை மானியே சொல்லும். இரண்டு நாளில் எண் இறங்காவிட்டால் இன்னும் போடுங்கள். இறங்கி ஒரு வாரத்தில் மீண்டும் ஏறினால் மூடியில் காற்றுப் போகிறது என்று பொருள். அந்தப் பெட்டியில் சோற்றைக் கொண்டு போங்கள், காசுக்கு வேறு வாங்குங்கள்.

ஈரத்தைக் குடித்த ஜெல்லை மீண்டும் உலர்த்தலாம். ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மின் ஓவனில் சில மணி நேரம் வைத்தால் குடித்த நீரை விட்டுவிடும். காகிதப் பொட்டலத்தோடு சுட வைக்காமல் மணிகளை வெளியே கொட்டிச் செய்யுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக நிறம் மாறும் மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. சமையல் சட்டியில் வறுக்கக் கூடாது. செம்மஞ்சளிலிருந்து பச்சையாகும் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

பெட்டியை எந்த நாளில் திறப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின் மழை. அந்த மாதங்களில் தேவையின்றித் திறக்க வேண்டாம். பெப்ரவரி, மார்ச் மாதங்களின் உச்சிவெயில்தான் அங்கே உகந்த நேரம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்களுக்கு இது தலைகீழ். அவர்களுக்கு வடகீழ் மழை ஆண்டின் கடைசியிலும் தொடக்கத்திலும் வருகிறது. ஜூலை, ஓகஸ்டில் வறண்ட காற்று வீசுகிறது. பதுளைப் பக்கத்து ஊவாக்காரர் ஒருவரும் ஹட்டன் பக்கத்து டிம்புளைக்காரர் ஒருவரும் ஒரே நாள்காட்டியைப் பார்த்துப் பெட்டி திறந்தால், இருவரில் ஒருவர் மழையையும் சேர்த்துத்தான் பூட்டுவார்.

ஜெல் கிடைக்கவில்லை. அரிசி போடலாமா?

வேண்டாம். அரிசி குடிக்கும் ஈரம் சொற்பம். தவிட்டுத் தூள் காசில் ஒட்டும், வண்டு வரும்.

லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பெட்டியை எங்கே வைப்பது?

குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சிமெந்துத் தரையிலும் வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரவில் வெளிச்சுவர் குளிர்ந்து, வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தை நீராக இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கை நனையும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உட்சுவர் பக்கம், இடுப்பு உயரத்தில் இருக்கும் தட்டு நல்ல இடம்.

அடுப்படி உலர்ந்த இடம் என்று அங்கே வைப்பவர்கள் உண்டு. உலர்ந்த இடம்தான். ஆனால் விறகுப் புகையின் கரியும் அமிலமும் எல்லாவற்றின்மேலும் படிகின்றன; சமைக்கும்போது எழும் ஆவி இன்னொரு தொல்லை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்தால் மூடுபனி நேராக உள்ளே வரும். நடு அறைதான் மிஞ்சுகிறது.

குளிர்ந்த அறையிலிருந்து பெட்டியை எடுத்து வந்து, சூடான இடத்தில் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த காசின்மேல் பனித்துளி போல் நீர் கோத்துவிடும். மூடியபடியே ஓரிரு மணி நேரம் வைத்திருந்து பிறகு திறவுங்கள்.

அலுமாரியில் எப்போதும் பூச்சி உருண்டை போடுகிறோம். அது இருந்தால் பரவாயில்லையா?

காசுப் பெட்டி இருக்கும் அலுமாரியில் அது வேண்டாம். நெப்தலின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கி ஒட்டச் செய்யும், காசின்மேலும் படியும். கற்பூரமும் அப்படித்தான். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அட்டைகளைத் தின்னும் என்ற பயம் நியாயமானது. அவற்றை இறுகிய மூடியே தடுக்கும்.

ஈரம் போக அலுமாரிக்குள் சிறிய பல்பு எரியவிடுகிறார்களே?

காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதன் இறங்குவது உண்மை. ஆனால் பழைய மின்கம்பி, பலகைத் தட்டு, மடித்து வைத்த துணி ஆகியவற்றின் நடுவே இரவும் பகலும் பல்பு எரிவதை நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். லயன் வரிசையில் ஒரு வீடு பற்றினால் அடுத்த வீடும் பற்றும்.

மரப்பெட்டி, பிஸ்கட் டின், நகைக்கடை ரோஸ் காகிதம்: இவற்றில் எது நல்லது?

மூன்றில் டின்தான் மேல். மூலையில் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டு, காசுகளைத் தனித்தனிப் பையில் இட்டு வைத்தால் பல காலம் தாங்கும். ஆனால் மூடி காற்றுப்புகாதபடி இறுகாது என்பதால் ஜெல் சீக்கிரம் நிறைந்துவிடும். மரம் பார்க்க அழகு, ஆனால் காடி போன்ற அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈய நாணயத்துக்கு அது கொடியது, செம்புக்கும் நல்லதல்ல. ரோஸ் காகிதம் ஈரம் பட்டால் சாயம் விடும். வெள்ளியை வாங்கிய நாளிலேயே அதிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

இறப்பர் வளையம், செய்தித்தாள், பழுப்புக் காகித உறை, கம்பளித் துணி ஆகியவற்றையும் விலக்குங்கள். முதலாவதிலும் கடைசியிலும் கந்தகம் நிறையவே இருக்கிறது. காகிதங்களில் அமிலமும் சேர்ந்து இருக்கும். வெள்ளி ரூபாய்களை அடுக்கி இறப்பர் வளையம் போட்டு வைத்தவர்கள், விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்த அடுக்கைத்தான் பிறகு பார்ப்பார்கள்.

பெட்டியில் வைக்கும் முன் புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. எலுமிச்சை, சாம்பல், பற்பசை, பித்தளை மெருகு எதுவும் கூடாது. குத்துவிளக்கைத் துலக்குகிறோம் என்றால் அதற்குத் தடித்த உடம்பு இருக்கிறது. காசின் உருவம் மயிரிழை ஆழத்தில் இருக்கிறது. புளியின் அமிலம் அந்த மேற்பரப்பைத்தான் கரைத்துக் கொண்டுபோகிறது. சாம்பல் கீறும். துலக்கிய செம்பு ஒரு வாரம் ரோசாவாக மின்னி, பிறகு முன்பைவிட மோசமாகக் கறுக்கும். சேர்ப்பவர்கள் அப்படிப்பட்ட காசைக் கண்டதும் விலையை அரைவாசிக்கும் கீழே இறக்குவார்கள்.

மண்ணோ பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, தேய்க்காமல் மென்துணியில் ஒற்றி எடுங்கள். அந்த நீர் வாகன பற்றரி விற்கும் கடைகளில் கிடைக்கும். அமிலம் கலந்ததை மாற்றி வாங்கிவிடாமல் கேட்டு வாங்குங்கள். நன்றாக உலராமல் பெட்டிக்குள் போடவே கூடாது. பல வருடத்துப் பழுப்பும் கருமையும் அழுக்கு அல்ல, அவை காசுக்குக் கவசம்.

அப்பாயி நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசுகள் கிடைத்தன. அவிழ்க்கலாமா?

அவிழ்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டியது. நேர்த்தி செலுத்தப்படாமல் இருந்தால் அது இன்னும் சாமிக்குரிய காசு. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவிழ்க்கலாம் என்றால் மெதுவாக அவிழுங்கள். மஞ்சள், குங்குமம், திருநீறு மூன்றும் காசின்மேல் இருக்கும். திருநீறு காரத்தன்மை உடையது. ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியச் சதத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்துங்கள். மஞ்சள் கறை நின்றால் நிற்கட்டும். துணியைத் தனியே வேறொரு பையில், எந்தக் காசுகள் அதில் இருந்தன என்ற குறிப்போடு வையுங்கள். என்னைக் கேட்டால், எந்த ஆண்டுக் காசு என்பதைவிட யாருடைய காய்ச்சலுக்காக முடிந்தது என்பதைத்தான் முதலில் எழுதி வைப்பேன்.

பழைய செப்புக் காசில் வெளிர்ப்பச்சைத் தூள் வருகிறது. இது என்ன?

தொட்டால் உதிராத, கெட்டியான கரும்பச்சை என்றால் கவலை வேண்டாம். வெளிர்ப்பச்சையாகத் தூளாக உதிர்ந்து, துடைத்த பின்னும் மீண்டும் வந்தால் அது வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டே போகிறது. பராக்கிரமபாகு மன்னன் காலத்து மாசைக் காசு, யாழ்ப்பாண மன்னர்களின் சேதுக் காசு, டச்சுக்காரரின் துட்டு என்று மண்ணில் கிடந்தவற்றில் இது வரும். அப்படிப்பட்டதைத் தனிப் பெட்டியில், நிறைய ஜெல்லோடு வையுங்கள். ஈரம் இல்லாவிட்டால் நோய் நின்றுவிடும். மற்றக் காசுகளோடு சேர்க்காதீர்கள்.

இங்கே சட்டமும் குறுக்கே வருகிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது; அவற்றைத் தேடித் தோண்டவும் கூடாது. தேயிலை மலையில் மண் வெட்டும்போது பானையோடு காசு கிடைத்தால், அதைத் தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விக்டோரியா சதமும் கோப்பிக் கம்பனிகள் கூலிக்குக் கொடுத்த வில்லைகளும் அந்தத் திகதிக்குப் பிற்பட்டவை.

வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்தால் கவலை இல்லைதானே?

திருட்டுக்குக் கவலை இல்லை. ஈரத்துக்கு உண்டு. பெட்டகத்துக்குள்ளும் இறுகிய பெட்டியும் ஜெல்லும் வேண்டும்; அங்கே நீங்கள் அடிக்கடி போக மாட்டீர்கள் என்பதால் வீட்டில் போடுவதைவிட அதிகம் போட வேண்டும். தங்கப் பவுன், 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி வெள்ளி 5 ரூபாய் போன்ற சில இருந்தால் வாடகை கொடுப்பதில் பொருள் உண்டு. சதங்களுக்காகப் பெட்டகம் எடுத்தால் வாடகைதான் சேகரிப்பைவிட மதிப்பு மிக்கதாகிவிடும்.

எங்கள் லயன் மண்சரிவு அபாயப் பகுதியில் இருக்கிறது. இரவில் எழும்பி ஓட வேண்டி வந்தால்?

காசுக்காக ஒரு நொடியும் நிற்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் சரிந்த மண் லயன்களையே மூடிவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியேறச் சொல்லி எச்சரித்தால் பிள்ளைகள், முதியோர், மருந்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்ற வரிசையில்தான் கை போக வேண்டும்.

முன்கூட்டிச் செய்யக்கூடியது உண்டு. மழைக்காலம் முழுவதும் சேகரிப்பை டவுனில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடலாம். வீட்டிலேயே இருக்கும் என்றால், ஒரு கையால் தூக்கக்கூடிய அளவுக்கு மேல் பெட்டி கனக்கக் கூடாது. உலோகம் எதிர்பார்ப்பதைவிடக் கனமானது, ஆகவே பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது. ஒவ்வொரு காசின் இரு பக்கமும் படம் எடுத்து, ஆண்டு, உலோகம், எடை, யாரிடமிருந்து வந்தது, என்ன விலை என்ற விவரங்களோடு ஒரு கொப்பியில் எழுதி, அதன் பிரதியை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் மட்டும் இருக்கும் படம் கைத்தொலைபேசியோடு போகும். வருடத்தில் இரண்டு முறை, பெட்டி திறக்கும் உலர்ந்த நாட்களிலேயே, கொப்பியையும் காசையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புதிய புள்ளி, புதிய பச்சை எது என்பதும் உடனே தெரிந்துவிடும்.